மீல் மேக்கர்: ஜிம் போகிறவர்களுக்கு எந்த அளவுக்கு உதவும்?

எண்ணெய் எடுத்த சோயா மாவை இயந்திரத்தில் அழுத்திப் பொரித்தாற்போல உப்ப வைத்ததுதான் மீல் மேக்கர். பாக்கெட்டின் பின்னால் 100 கிராமுக்குப் புரதம் 52 கிராம், கொழுப்பு 1 கிராமுக்கும் கீழே என்று இருக்கும். அந்தக் கணக்கு பொய்யில்லை, ஆனால் அது காய்ந்த உருண்டைக்கான கணக்கு. ஊறவைத்துப் பிழிந்தால் எடை சுமார் இரண்டரை மடங்காகிவிடும். அப்போது தட்டில் இருக்கும் 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதம்தான் இருக்கும். அதனால் தராசில் வைப்பதை ஊறுவதற்கு முன்பே வைத்துவிடுங்கள்.

காய்ந்த எடையில் 50 கிராம் ஒரு நாளைக்குப் போதும். அதில் 26 கிராம் புரதம் கிடைக்கும். எடைப் பயிற்சி செய்யும் 60 கிலோ ஆளுக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்தால் நாளுக்கு 96 கிராம் வேண்டும். அதில் கால் பங்குக்குச் சற்று மேலே இதிலேயே முடிந்துவிடுகிறது. மிச்சத்துக்குத் தயிர், பருப்பு, முட்டை என்று போக வேண்டும். இதையே மூன்று வேளையும் தின்றால் வயிறு கேட்காது.

பலர் இதை வெறுப்பதற்குக் காரணம் அந்தப் பச்சை வாடை. குற்றம் பெரும்பாலும் சமைத்தவருடையது. உப்புப் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் 5 நிமிடம் வேகவிட்டு, வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். முதல் பிழிவில் மஞ்சளாக நுரைத்து வரும். நுரை நிற்கும்வரை மூன்று தடவையாவது பிழிய வேண்டும். வாயுவைக் கிளப்பும் சர்க்கரைகளில் ஒரு பங்கும் அந்தத் தண்ணீரோடு போய்விடும். வெந்த தண்ணீரைக் குழம்பில் ஊற்றுவது சிக்கனமில்லை, வம்பு. பெரிய உருண்டையை இரண்டாகக் கிள்ளிப் போடாவிட்டால் மேலே மசாலா, உள்ளே சப்பென்று இருக்கும்.

சிக்ஸ்டி ஃபைவ் மாதிரி எண்ணெயில் பொரித்தால் பஞ்சுபோல எண்ணெயைக் குடித்துக்கொள்ளும். கொழுப்பில்லை என்று வாங்கியதற்கு அர்த்தமே இல்லை. துருவல் வகையை வாங்கி வெங்காயம், பச்சை மிளகாயோடு பொடிமாஸ் செய்தால் ஒரு ஸ்பூன் எண்ணெயில் முடிந்துவிடும்.

பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீனோடு ஒப்பிட்டால், தசை வளர்ச்சியைத் தூண்டும் லூசின் என்ற அமினோ அமிலம் இதில் குறைவு. மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலமும் குறைவு, ஆனால் சோறு அதை ஈடுகட்டும். பயிற்சிக்கு முன் வேண்டாம், நார்ச்சத்து வயிற்றில் கனக்கும். அந்த நேரத்துக்கு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ போதும். மீல் மேக்கர் பயிற்சி முடிந்து சோற்றோடு.

சோயா தின்றால் ஆண்மை குறையும் என்ற பயத்துக்கு, வழக்கமான அளவில் சாப்பிட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வுகளில் ஆதாரமில்லை. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: சோயா அந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கலாம், இரண்டுக்கும் 4 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

மளிகைக் கடையில் சாக்கிலிருந்து அள்ளித் தருவதில் தேதி இருக்காது. முகர்ந்து பார்த்து, காறல் அடித்தால் விட்டுவிடுங்கள்; எத்தனை தடவை பிழிந்தாலும் அந்த வாடை போகாது.