கழுவிய வெள்ளி டாலரை விற்கும்போது: டீட்டெயில்ஸ் ஸ்லாபா, நம் கைக்குறிப்பா?

பம்பாய் நாணயச்சாலையில் 1902ஆம் ஆண்டு அடிக்கப்பட்ட பிரிட்டிஷ் வர்த்தக டாலர் ஒன்றை விற்க முடிவு செய்தபோது, அது எப்போதோ யாராலோ தேய்த்துக் கழுவப்பட்டது என்ற குறையை வாங்குபவருக்கு எப்படித் தெரிவிப்பது என்ற கேள்வி எழுந்தது. பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற காசுத் தரமதிப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பி, டீட்டெயில்ஸ் ஸ்லாபில், அதாவது காசின் நிலைக்கு எண்ணால் தரம் தராமல் குறையை மட்டும் சீட்டில் குறித்து மூடிய பிளாஸ்டிக் பெட்டியில், விற்பது ஒரு வழி. ஸ்லாப் இல்லாமல், குறையை நானே எழுதிப் படங்களுடன் விற்பது மற்றொரு வழி. நான் ஸ்லாபையே தேர்ந்தெடுத்தேன்.

1895 முதல் 1935 வரை, நீரிணைக் குடியேற்றங்களிலும் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) ஹாங்காங்கிலும் புழங்குவதற்காக அடிக்கப்பட்ட இந்த டாலர் 26.95 கிராம் எடையும் 90 சதவீத வெள்ளியும் கொண்டது. என்னிடம் இருந்த காசில் தேய்மானம் குறைவு. காசில் நிற்கும் பிரிட்டானியா என்ற பெண்ணுருவின் திரிசூலத்து நடு முனையில் உள்ள, பம்பாயைக் குறிக்கும் ‘பி’ எழுத்துகூடத் தெளிவாகவே இருந்தது. ஆனால் ஒற்றை விளக்கின் கீழ் சாய்த்துச் சுழற்றினால், வெற்றுப் பரப்பில் மயிரிழைக் கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடுவதும், ஆடை மடிப்புகளில் பழைய கருமை தங்கியிருக்க அதைச் சுற்றியுள்ள வெள்ளி மட்டும் வெளிறிக் கிடப்பதும் தெரியும். புழக்கத்தில் விழும் கீறல்கள் இப்படி ஒரே வரிசையில் அமைவதில்லை. இவை துணியோ தூளோ கொண்டு தேய்த்ததன் தடயங்கள்.

கைக்குறிப்பில் செலவில்லை, காத்திருப்பும் இல்லை. அதைவிட முக்கியமாக, குறையின் அளவை அதில் சொல்ல முடியும். ‘முன்பக்கத்தில் இடப்புற வெற்றுப் பரப்பில் மெல்லிய கீறல்கள், பின்பக்கம் பெரும்பாலும் தப்பியது’ என்று எழுதுவதற்கு ஸ்லாபின் சீட்டில் இடமில்லை. லேசாகத் துடைக்கப்பட்ட காசும் அழுத்தித் தேய்க்கப்பட்ட காசும் சில நேரம் ஏறக்குறைய ஒரே சொல்லைச் சுமந்து வருவது உண்மையான குறைபாடுதான்.

இருந்தும் என் முடிவைத் தீர்மானித்தது மறுவிற்பனை. நான் எழுதும் குறிப்பு என்னிடமிருந்து வாங்குபவரை மட்டுமே சேரும். அவர் சில ஆண்டுகள் கழித்து வேறொருவருக்கு விற்கும்போதோ, அவருடைய பிள்ளைகள் பெட்டியைத் திறந்து வியாபாரியிடம் கொடுக்கும்போதோ அந்தக் குறிப்பு உடன் செல்லும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. காசு போகும், காகிதம் தங்கிவிடும். மூன்றாவது கைக்கு வரும்போது அதே டாலர் ‘அருமையான நிலை’ என்ற சொல்லோடு முழு விலைக்குப் போய்விடும். ஸ்லாபின் சீட்டோ காசோடு சேர்ந்தே மூடப்பட்டிருக்கிறது. அதிலுள்ள சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் எவரும் சரிபார்க்கலாம். ஸ்லாபை உடைத்து மறைப்பவர்கள் உண்டு என்பது தெரியும். ஆனால் குறிப்புச் சீட்டு தானாகத் தொலையும். ஸ்லாபை ஒருவர் வேண்டுமென்றே உடைக்க வேண்டும். குறையை அறிவிப்பது என்றால் முகம் தெரியாத அந்த மூன்றாவது ஆளுக்கும் சேர்த்து அறிவிப்பதுதான் என்று நான் கருதுகிறேன்.

விலை குறையும் என்பதை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. எந்த வழியில் உண்மையைச் சொன்னாலும் குறையத்தான் செய்யும்.

ஸ்லாப் வந்ததும் எல்லாம் முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். அமிலக் கரைசலில் லேசாக முக்கி எடுக்கப்பட்ட வெள்ளிக் காசுகள் பல, பளபளப்பு கெடாதவரை, எண் தரத்தையே பெற்றுவிடுகின்றன. ஆகவே அப்படி முக்கி எடுக்கப்பட்டது விற்பவருக்குத் தெரிந்திருந்தால், எண் தரம் இருந்தாலும் தனியே சொல்ல வேண்டும். மென்பிளாஸ்டிக் உறையில் இருந்து ஒட்டிய பச்சைப் பிசுபிசுப்பை அசிட்டோனில் கரைத்து நீக்குவது வேறு விஷயம். அது வெள்ளியைத் தொடுவதில்லை. வணிகர்கள் வெள்ளியைச் சோதித்துக் காசின் மீது இட்ட ‘சாப்’ எனப்படும் சிறு முத்திரைகள், அந்த டாலர் புழங்கிய வரலாற்றின் பகுதி. பிசிஜிஎஸ் அவற்றைத் தனியாகக் குறித்து எண் தரமே தருகிறது. ஆனாலும் முத்திரை படத்தில் தெரிகிறதே என்று விட்டுவிடாமல், விற்பனைக் குறிப்பிலும் எழுதுவதே முறை.

மதிப்பீட்டுக் கட்டணம் காசின் விலையில் பெரும்பங்கை விழுங்குமானால், கைக்குறிப்பைத் தவிர வேறு வழியில்லை. செப்புக் காசுகளை நான் அதிகம் விற்றதில்லை. அவற்றின் நிறமாற்றத்தில் இயற்கை எது, செயற்கை எது என்று தீர்மானிப்பதில் என் கண்ணைவிட மதிப்பீட்டாளரின் கண்ணையே நம்புவேன். குறைந்த விலை வெள்ளிக் காசுகளுக்கு, தனிக் காகிதத்தில் எழுதாமல், காசைப் பொதியும் அட்டை உறையின் மீதே ‘கழுவப்பட்டது, முன்பக்கக் கீறல்’ என்று அழியாத மையில் எழுதி, அந்த எழுத்து தெரியும்படியே விற்பனைப் படத்தையும் எடுக்கிறேன்.