பிப்ரவரி 30-ஐக் காட்டிய மேசைக் காலண்டர்

நாளுக்கு ஒரு தாள், தாளுக்கு ஒரு ‘உங்களுக்குத் தெரியுமா’ என்று வருகிற மேசைக் காலண்டர் ஒன்றை ஜனவரியிலிருந்து கிழித்துக்கொண்டிருக்கிறேன். வரலாறு, புவியியல், பண்பாடு எல்லாம் கலந்து வரும். ஆறு மாதம் ஆகிவிட்டது, இப்போது எழுதினால் நியாயமாக இருக்கும்.

காசு வசூலானது பிப்ரவரியின் கடைசித் தாளில்தான். 1712-ல் ஸ்வீடனில் பிப்ரவரிக்கு 30 நாள் என்று போட்டிருந்தது. அச்சுப்பிழை என்றே நினைத்தேன். பின்பக்கம் திருப்பினால் முழுக்கதையும் இருக்கிறது. பழைய ஜூலியன் காலண்டர் கணக்கிலிருந்து இன்று நாம் புழங்கும் கிரிகோரியனுக்கு ஒரேயடியாகத் தாவ வேண்டாம், 40 வருடத்துக்கு லீப் நாள்களை விட்டுவிட்டு மெல்ல மாறிக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டு, 1700-ல் ஒரு நாளை விட்டிருக்கிறார்கள். ஆனால் 1704-லும் 1708-லும் விடவில்லை, ஆகவே எந்தக் கணக்கோடும் ஒட்டாமல் நாடே தனித் தேதியில் ஓடியிருக்கிறது. போதும்டா சாமி என்று 1712-ல் பழைய ஜூலியனுக்கே திரும்ப, வழக்கமான லீப் நாளோடு இன்னொரு நாளையும் சேர்த்தார்கள். அதுதான் பிப்ரவரி 30. கடைசியில் 1753-ல் பிப்ரவரி 17-க்கு மறுநாளே மார்ச் 1 என்று ஒரே தாவாகத் தாவிவிட்டார்கள். இதைக் காலண்டரில் படிப்பது தனி ருசி.

எல்லாத் தாளும் இப்படி இருந்தால் இந்த விமர்சனம் இங்கேயே முடிந்திருக்கும். ‘1896-ல் சான்சிபார் போர் 38 நிமிடத்தில் முடிந்தது’ என்று ஒரு தாள், அவ்வளவுதான், பின்பக்கம் வெள்ளை! கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான அங்கே சுல்தான் இறந்ததும் பிரிட்டிஷ்காரர்களைக் கேட்காமல் அவர் உறவினர் காலித் அரண்மனையில் ஏறி உட்கார்ந்தது, காலை 9 மணிக்குள் இறங்கு என்று அவர்கள் கெடு வைத்தது, கெடு முடிந்ததும் கப்பல்களிலிருந்து குண்டு பொழிந்தது, காலித் ஜெர்மன் தூதரகத்துக்குள் ஓடிப் புகுந்தது, இத்தனையும் இருக்க நிமிடக் கணக்கை மட்டும் சொன்னால் என்ன சுவை?

அப்புறம் நெப்போலியன் குள்ளன் என்ற பழைய புளுகை அப்படியே போட்டிருக்கிறார்கள். 5 அடி 2 அங்குலம் என்பது பிரெஞ்சு அளவு. அந்த அங்குலம் பெரியது, இன்றைய கணக்கில் சுமார் 168 செ.மீ. வருகிறது. அக்காலத்துக்கு அது சாதாரண உயரம்தான்.

பிரான்சும் ஸ்பெயினும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும் ஃபெசண்ட் தீவைப் பற்றிய தாள் நன்றாக இருந்தது.

பசையும் சரியில்லை. மார்ச்சில் ஒரு தாளை இழுத்தேன், ஐந்து சேர்ந்து கையோடு வந்தன. அன்றிலிருந்து கிளிப் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். வாங்குகிறவர்கள் கடையிலேயே நாலைந்து தாளின் பின்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள், வெள்ளையாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.