பைத்தான் டிபி-ஏபிஐ 2.0: அரை மணி வேலை, இரண்டு ராத்திரி

பைத்தான் நிரல்மொழியில் டேட்டாபேஸைத் தொட்டவர்கள் பெரும்பாலும் தெரிந்தோ தெரியாமலோ டிபி-ஏபிஐயைப் பயன்படுத்தியிருப்பார்கள். 1999-இல் எழுதத் தொடங்கிய பெப் 249 என்ற ஆவணம்தான் இது. இறக்கி நிறுவ எதுவும் கிடையாது. டிரைவர் (பைத்தானை ஒரு டேட்டாபேஸோடு இணைக்கும் நிரல்) எழுதுபவர் இன்னின்ன பெயரில் இன்னின்ன வசதி தரவேண்டும் என்கிற ஒப்பந்தம், அவ்வளவுதான்.

கனெக்ட், கர்சர், எக்ஸிக்யூட், ஃபெட்ச்ஆல், கமிட் போன்றவைதான் அந்தப் பெயர்கள். இவை ஒரு டேட்டாபேஸில் கைக்குப் பழகிவிட்டால், அடுத்ததில் மேனுவலைப் பிரிக்காமலே ஆரம்பித்துவிடலாம். அதற்காகவே பாதி மதிப்பெண் கொடுத்துவிடுவேன்.

மீதிப் பாதியில் பெரும்பகுதி போன கதை இது. எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சின்னக் கணக்கு புரோகிராமை போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸுக்கு மாற்றினேன். எஸ்கியூலைட்டில், மதிப்பு வந்து உட்கார வேண்டிய இடத்துக்குக் கேள்விக்குறி போட்டிருந்தேன். போஸ்ட்கிரெஸுக்கான சைக்கோபிஜி2 டிரைவரோ சதவீதக்குறியும் ஒரு எஸ்ஸும் (%s) கேட்கிறது. இது ஒப்பந்த மீறல் இல்லை, அதுதான் கொடுமை. ஒப்பந்தமே ஐந்து விதங்களை அனுமதித்துவிட்டு, எது உன்னுடையது என்று பாராம்ஸ்டைல் என்ற குறிப்பில் சொல்லிவிடு, போதும் என்கிறது.

சரி என்று எல்லாக் கேள்விக்குறியையும் ஒரே தட்டில் தேடி மாற்றினேன். 'பணம் வந்ததா?' என்று மேற்கோளுக்குள் இருந்த நிஜக் கேள்விக்குறியும் சேர்ந்து மாறிவிட்டது. அப்புறம் லைக் (LIKE) தேடல்கள், அதாவது சொல்லில் ஒரு பகுதியை மட்டும் கொடுத்துத் தேடுபவை. அங்கே ஏற்கெனவே இருந்த சதவீதக்குறியை இரட்டிக்க வேண்டும். அதுவும் கூடவே மதிப்புகளை அனுப்பினால் மட்டும். அனுப்பாவிட்டால் ஒற்றையே சரி. இதைக் கண்டுபிடிக்கத்தான் இரண்டாவது ராத்திரி.

ஜாவா மொழியில் இதே மாதிரியான ஒப்பந்தமான ஜேடிபிசியில் எந்த டிரைவரானாலும் கேள்விக்குறிதான். அதிலும் சங்கடம் உண்டு: போஸ்ட்கிரெஸின் ஜேசன் தேடலில் கேள்விக்குறியே ஒரு ஆபரேட்டர் (செயல்குறி), அங்கே அதை இரண்டாக எழுத வேண்டும். எப்போதோ வரும் அந்த இடத்துக்காக நான் முகம் சுளிக்க மாட்டேன். தினமும் எழுதும் இடத்தில் ஐந்து விதம் இருப்பதுதான் எரிச்சல்.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்க்கச் சொல்லவில்லை. பழைய கணக்கில் இரண்டு லட்சம் வரிசைகளை ஏற்ற வேண்டியிருந்தது. பல வரிசைகளை ஒன்றாகக் கொடுக்க எக்ஸிக்யூட்மெனி என்ற பொதுப் பெயர் இருக்கிறதே என்று ஓட்டினால், சைக்கோபிஜி2 உள்ளே ஒவ்வொரு வரிசையாகத்தான் அனுப்புகிறது. டீ குடித்துவிட்டு வந்தும் முடியவில்லை. வரிசைகளை மொத்தமாக ஏற்ற போஸ்ட்கிரெஸுக்கே உரிய காப்பி (COPY) கட்டளைக்கு மாறினேன். இருக்கையை விட்டு எழ வேண்டியிருக்கவில்லை. ஒப்பந்தம் இந்தக் கட்டளையைத் தொடவே இல்லை. தொட்டிருந்தால் எஸ்கியூலைட் அதற்கு என்ன பதில் சொல்லும்?

ஐந்துக்கு மூன்றரை. காப்பி கட்டளை வரும் பகுதியை மட்டும் தனி ஃபைலில் ஒதுக்கி, 'போஸ்ட்கிரெஸுக்கு மட்டும்' என்று மேலே எழுதி வைத்திருக்கிறேன்.