கண் சிவந்தால் கடைக்காரர் நீட்டும் சொட்டு மருந்தை வாங்கி ஊற்றாதீர்கள்

மருந்துக் கடையில் போய்க் கண் சிவந்திருக்கிறது என்று சொன்னால் போதும், சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு சிறிய பாட்டிலை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். பல நேரங்களில் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. என் தம்பியின் வலது கண்ணில் இன்று பூ விழுந்திருப்பதில் அப்படி ஒரு பாட்டிலுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

தொடக்கம் மிகச் சிறியது. மேல் இமையின் ஓரத்தில் நீர் கோத்த கொப்புளங்கள் நெருக்கமாக நாலைந்து. கண் லேசாகச் சிவந்து நீர் வடிந்தது. கடையில் இருந்தவர் கிட்ட வந்துகூடப் பார்க்கவில்லை. "கண்கட்டிதான் தம்பி, இதை ஒரு நாளைக்கு நான்கு வேளை விடுங்கள், போய்விடும்" என்றார். பில்லும் கொடுக்கவில்லை.

அது கண்கட்டி இல்லை. கண்கட்டி என்பது இமையோரச் சுரப்பியில் பாக்டீரியா தொற்றி, தொட்டால் வலிக்கும்படி சிவந்து வீங்கும் ஒரு கட்டி. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியைப் பத்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு முறை ஒற்றடம் கொடுத்தால் பெரும்பாலும் தானே உடைந்து ஆறிவிடும். வலியே இல்லாமல் இமைக்குள் உருண்டையாக நிற்பது வேறு. அது எண்ணெய்ச் சுரப்பி அடைத்துக்கொண்டதால் வருவது. இமை முடிகளின் அடியில் பொடுகு போல் செதில் படிந்து அரிப்பது இமையோர அழற்சி. அதற்கு நாள்தோறும் இமையோரத்தைச் சுத்தம் செய்வதுதான் முதல் வைத்தியம். இவை மூன்றும் தொல்லை தருபவை, ஆனால் பார்வையைப் பறிப்பது அரிது. கூட்டமாக வரும் நீர்க்கொப்புளங்கள் அப்படியல்ல. அவை ஹெர்பிஸ் வைரஸின் வேலையாக இருக்கலாம். நெற்றியின் ஒரு பக்கத்திலும் மூக்கு நுனியிலும் கொப்புளம் கிளம்பினால் அது அக்கி, கண்ணுக்குள்ளும் இறங்கக்கூடியது. இரண்டுமே தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டியவை.

இந்த மருந்தின் கொடுமையே அது முதலில் நன்றாக வேலை செய்வதுதான். மருந்து விட்ட மறுநாளே தம்பியின் கண் வெளுத்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஸ்டீராய்டு சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கிவிடும். அந்த அடக்கத்தில் கிருமியை எதிர்க்கும் உடலின் சக்தியும் சேர்ந்து அடங்கிவிடும். எதிர்ப்பு இல்லாத இடத்தில் வைரஸ் தங்கு தடையின்றிப் பெருகும். மருந்தை நிறுத்தியதும் சிவப்பு திரும்பி வந்தது. மறுபடி கடைக்குப் போனபோது, "இன்னும் ஒரு பாட்டில் விடுங்கள், வேர் அறுந்துவிடும்" என்று அதையே கொடுத்தார்கள். ஒரே மருந்துக்கு இரண்டாம் முறை வந்து நிற்பவரிடம் "மருத்துவரைப் பாருங்கள்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

வெளிச்சம் கூசத் தொடங்கி, எழுத்துகள் மங்கிய பிறகு கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் பஞ்சைத் திரித்து, நூல் போன்ற அதன் நுனியால் முதலில் இடது கண்ணின் கருவிழியைத் தொட்டார். இமை சட்டென்று மூடிக்கொண்டது. வலது கண்ணைத் தொட்டபோது தம்பி இமைக்கவே இல்லை. இந்த வைரஸ் கருவிழியின் நரம்புகளைத் தாக்கி உணர்ச்சியைக் குறைத்துவிடுமாம். புண்ணின் அளவுக்கு வலி தெரியாமல் இருந்ததன் காரணம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. வலி இல்லையென்றால் ஆபத்தில்லை என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

பிறகு ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த காகிதக் கீற்றைக் கீழ் இமைக்குள் தொட்டு எடுத்து, நீல வெளிச்சத்தில் பார்த்தார். பக்கத்துத் திரையில் எனக்கும் காட்டினார். கருவிழியின் நடுவுக்குச் சற்றுக் கீழே பச்சையாக ஒளிர்ந்த ஒரு கோடு, அதிலிருந்து பிரியும் கிளைகள், ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு சிறு குமிழ். ஓரிடத்தில் கிளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து அகன்ற திட்டாகிவிட்டிருந்தன. கிளை பிரியும் கோடு ஹெர்பிஸ் புண்ணின் அடையாளம், அந்தத் திட்டு ஸ்டீராய்டு விட்டதன் அடையாளம் என்றார். கண்ணழுத்தத்தையும் அளந்தார். இயல்பான மேல் எல்லையான 21 மி.மீ. பாதரச அளவை அது தாண்டியிருந்தது. சிலருக்குச் சில வாரம் ஸ்டீராய்டு சொட்டு விட்டாலே அழுத்தம் ஏறுமாம். வெளியே எதுவும் தெரியாது. பார்வை நரம்பு மட்டும் உள்ளுக்குள் தேய்ந்துகொண்டே போகும். மாதக்கணக்கில் விட்டால் கண்புரையும் வரலாம்.

அசைக்ளோவிர் களிம்பு நாளைக்கு ஐந்து முறை போட்டுப் புண் ஆறியது. தழும்பு ஆறவில்லை. கருவிழி சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன்தான். இரத்தக் குழாய் ஒன்றுகூட இல்லாததால்தான் அது கண்ணாடியாய்த் தெளிந்திருக்கிறது. ஆழமாகப் புண்பட்டு ஆறினால் அந்த இடம் வெளுத்துப் போகும். வைரஸ் தானாகவே தழும்பு விடக்கூடியது என்பதை மருத்துவர் மறைக்கவில்லை. இவ்வளவு பெரிதாகப் பரவவிட்டது அந்தச் சொட்டு மருந்து என்பதையும் சொன்னார். வைரஸ் நரம்பில் ஒளிந்திருப்பதால் மறுபடியும் வரலாம் என்ற கவலை வேறு.

கடையில் போய்க் கேட்டேன். "எல்லோருக்கும் இதைத்தான் கொடுக்கிறோம், யாரும் குறை சொன்னதில்லை" என்றார்கள். அந்தப் பதிலைக் கேட்ட பிறகு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

பாட்டிலில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரைப் பார்த்துப் பயனில்லை, சிறிய எழுத்தைப் படியுங்கள். டெக்ஸாமெத்தாசோன், பீட்டாமெத்தாசோன், பிரெட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன், லோட்டிப்ரெட்னால் ஆகிய பெயர்களில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. தம்பிக்குக் கொடுத்ததில் டோப்ராமைசின் 0.3 சதவீதத்தோடு டெக்ஸாமெத்தாசோன் 0.1 சதவீதம் இருந்தது. ஆன்டிபயாட்டிக் பெயருக்குப் பின்னால் தனியாக ஓர் எழுத்து ஒட்டியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். பல சமயம் அந்த எழுத்துதான் ஸ்டீராய்டு. ஸ்டீராய்டே விஷம் என்று நான் சொல்லவில்லை. கண்புரை அறுவைக்குப் பிறகும், கண்ணுக்குள் வரும் சில அழற்சிகளுக்கும் மருத்துவர்கள் அதைத்தான் தருகிறார்கள். ஆனால் கருவிழியைப் பரிசோதித்து, அழுத்தத்தைக் கவனித்துக்கொண்டே தருகிறார்கள். செடி, இலை, மண் பட்டுக் காயமான கண்ணில் பூஞ்சைப் புண் வரக்கூடும். அங்கேயும் இந்த மருந்து எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான். வலி தெரியாமலிருக்க மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை யாராவது வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் அதையும் தொடாதீர்கள். திரும்பத் திரும்ப விட்டால் கருவிழியே கரையும்.

மெட்ராஸ் ஐ எனப்படும் வைரஸ் கண்வலி பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானே அடங்கும். ஆனால் பார்வை மங்கினாலும், வெளிச்சம் கூசினாலும், உள்ளே வலித்தாலும், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலும், கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவருக்குக் கண் சிவந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள்.

இப்படிக் கடையில் வாங்கிய சொட்டு மருந்தை வாரக்கணக்கில் விட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம். பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு இன்றே கண் மருத்துவரிடம் போங்கள். எத்தனை வாரமாக விடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லி, கண்ணழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள்.