ஐப்பசி மழையில் பிரித்த விளையாட்டுப் பெட்டி

மழைநாளில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் சின்னப் பிள்ளைகளுக்கென்றே இப்போது பெட்டி பெட்டியாக விளையாட்டுச் சாமான் விற்கிறார்கள். ‘விளையாடிக்கொண்டே கற்கலாம்’ என்று மேலே அச்சடித்திருக்கிறது. விலை 1,199 ரூபாய். கோயம்புத்தூரில் இருக்கும் பெரிய மகன், தம்பி பிள்ளைகளுக்காக இணையத்தில் வாங்கி, மன்னார்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு அனுப்பினான். பேத்திக்கு நாலரை வயது, பேரனுக்கு இன்னும் மூன்று நிறையவில்லை. நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இதே சரக்கை வேறு வேறு பெயரில் பலரும் விற்கிறார்கள், எல்லோருக்கும் பொருந்தும் என்றுதான் எழுதுகிறேன்.

அங்கன்வாடியில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவள் நான். எந்த விளையாட்டுச் சாமானைக் கையில் எடுத்தாலும் என் மனத்தில் இரண்டு கேள்விகள்தான் வரும். பிள்ளை இதை வைத்து என்ன செய்யும்? வாயில் போட்டால் என்ன ஆகும்?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் ஒரு துணி விரிப்பு இருக்கிறது. பச்சை இலைகள் வரைந்து, ஒவ்வோர் இலையிலும் ஓர் எண். ஒன்று முதல் பத்து வரை. பிள்ளை தவளையாகி இலைக்கு இலை குதிக்க வேண்டும். கூடத்தில் விரித்துப் போட்டோம். மழைநாளில் பிள்ளைகள் படுத்தும் பாட்டுக்குப் பாதிக் காரணம் ஓடியாட இடமில்லாததுதான். கால்கள் களைத்தால்தான் கை ஓர் இடத்தில் உட்கார்ந்து வேலை செய்யும். பேத்தி ‘ஏழு’ என்றதும் ஏழுக்குத் தாவினாள். பேரனுக்கு எண் தெரியாது, அக்காள் நிற்கும் இலையில்தான் அவனுக்கும் நிற்க வேண்டும். சண்டை வந்தது. ஆனாலும் ‘மூன்று’ என்பது எந்த இலை என்று அந்தச் சண்டையிலேயே கற்றுக்கொண்டான். அடியில் ரப்பர் ஒட்டியிருப்பதால் வழுக்குவதில்லை. சிமென்டுத் தரை வியர்த்துக் கிடக்கும் மாதத்தில் இது பெரிய விஷயம். ஈரமானால் பிழிந்து கொடியில் போடலாம். தைத்தவருக்கு மழை என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது.

பிசையும் வண்ண மாவும் தேறியது. டப்பா மூடி இறுக்கமாக இருக்கிறது. வீட்டிலேயே மைதா, உப்பு, எண்ணெய் சேர்த்துப் பிசைந்து கொடுப்பது எங்கள் அங்கன்வாடி வழக்கம். ஆனால் அடைமழையில் அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து, மாவு கையோடு ஒட்டி வரும். இந்த மாவு அப்படி இளகவில்லை. முனை மழுங்கிய கத்தரிக்கோலும் பரவாயில்லை.

இனி மற்றவை. மழை அளக்க ஒரு குழாய் கொடுத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் கோடு போட்ட பிளாஸ்டிக் குழாய், முற்றத்தில் வைத்துக் காலையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அருமையான யோசனை. பேத்தி அதை வைத்துவிட்டுத் தூங்கப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தாள். ஆனால் குழாயின் உயரமே 5 செ.மீ. இருபத்து நான்கு மணி நேரத்தில் 6.5 செ.மீ. அளவுக்காவது பெய்தால்தான் வானிலைத் துறை அதைக் கனமழை என்றே சொல்லும். வடகிழக்குப் பருவமழை டெல்டாவில் இறங்கினால் ஒரே இரவில் அதைத் தாண்டுவது அதிசயமில்லை. காலையில் பார்த்தால் குழாய் வழிந்து நிற்கிறது. மாவட்ட ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் மழையை எந்த ஊர்த் தூறலை மனத்தில் வைத்து அளந்தார்களோ! நான் நேர்ச்சுவர் உள்ள பழைய கண்ணாடி ஜாடி ஒன்றில் அளவுகோலைப் பார்த்துக் கோடு கிழித்து ஒட்டிக் கொடுத்தேன். பக்கம் வளையாமல், வாயும் அடியும் ஒரே அகலமாக இருந்தால் போதும், கணக்கு சரியாக வரும்.

அடுத்தது ‘மிதக்குமா, மூழ்குமா’ விளையாட்டு. ஆறு பிளாஸ்டிக் மிருகங்கள். அண்டாத் தண்ணீரில் ஒவ்வொன்றாகப் போட்டாள் பேத்தி. மீன் மிதந்தது, ஆமை மிதந்தது, கடைசியில் யானையும் மிதந்தது. ஒன்றுகூட மூழ்கவில்லை. “அப்பாயி, மூழ்குகிறது எங்கே?” என்று கேட்டாள். பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினேன், வேறென்ன செய்ய? மூழ்க ஒன்றும் இல்லாத பெட்டியில் மிதப்பதைப் பார்த்து ஒரு பிள்ளை என்ன கற்கும்?

இவ்வளவையும் திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அவள் தாத்தா எழுந்துபோய், விதைத்தது போக மிஞ்சிய சி.ஆர். 1009 ரக நெல்லை ஒரு கை அள்ளி வந்தார். மருந்து கலக்காத நெல். மருந்து போட்ட விதை என்றால் பிள்ளைகள் பக்கமே கொண்டுவரக்கூடாது. ஒரு பாத்திரத்தில் உப்பைக் கரைத்து, அதில் முட்டையைப் போட்டார். முதலில் முட்டை அடியில் கிடந்தது. இன்னும் உப்பு, இன்னும் உப்பு என்று பேத்தியே அள்ளிப் போட்டுக் கலக்கினாள். முட்டை மெல்ல எழும்பி, அதன் தலை நாலணா அளவுக்கு வெளியே தெரிந்ததும், “இப்போது நெல்லைப் போடு” என்றார். பதரும் அரைவயிறாக நிரம்பிய நெல்லும் மேலே வந்துவிட்டன, முற்றிய மணிகள் அடியில் படிந்தன. மிதந்ததைப் பேத்தி வடிகட்டியில் அள்ளினாள். ஒரு நெல்லை உரித்துப் பார்த்து, “உள்ளே அரிசியே இல்லை” என்று தம்பியின் மூக்குக்கு நேரே நீட்டினாள். விதைநெல் தேர்ந்தெடுக்க எங்கள் பக்கம் காலங்காலமாகச் செய்கிற வேலைதான் இது. அவளுக்கு அன்று மாலை வரை வேறு விளையாட்டு வேண்டியிருக்கவில்லை. கொட்டாங்குச்சி, சாவி, புளியங்கொட்டை, வெங்காயம் என்று அடுப்பங்கரையில் பாதி தண்ணீருக்குள் போனது. தாத்தாவின் மூக்குக்கண்ணாடியை மட்டும் காப்பாற்றினோம்.

படக்கதை அட்டைகளில் அச்சும் தாளும் நன்றாக இருக்கின்றன. வரிசைப்படுத்திக் கதை சொல்ல வேண்டும். மழைக் காலணி போட்ட குழந்தை, மழைக்கோட்டு, சூடான சாக்லேட் பானம் என்று போகிறது கதை. பேத்தி அந்தக் காலணியை “வயலுக்குப் போகிற செருப்பா?” என்று கேட்டாள். மழைக்குத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு வரப்பில் போகிற ஆளையும், விளக்கைச் சுற்றும் ஈசலையும், வயல் நண்டையும் பார்த்து வளர்கிறவள் வேறென்ன கேட்பாள்? வெற்று அட்டைகளில் அவளையே வரையச் சொன்னேன். நண்டுக்குப் பத்துக் கால் போட்டாள். கொடுக்கையும் சேர்த்துக் கணக்குச் சரிதான்.

விளையாட்டு முறை எதற்கும் தாளில் குறிப்பு இல்லை. கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் காட்டினால் காணொளி வருமாம். மழை வலுத்தால் எங்கள் ஊரில் முதலில் போவது மின்சாரம், அடுத்தது சிக்னல். மழைநாள் பெட்டிக்கு இப்படி ஓர் ஏற்பாடு!

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. ஒன்றைப் பொறுக்க முடியாது. சிறிய பொட்டலம் ஒன்றில், தண்ணீரில் ஊறினால் பெருக்கும் வண்ண மணிகள் இருந்தன. போடும்போது கடுகளவு, சில மணி நேரத்தில் கோலிக்குண்டு அளவு. பார்க்க மிட்டாய்தான். பிள்ளை விழுங்கினால் குடலுக்குள்ளும் அதே வேலையைச் செய்யும், பெருத்து அடைத்துக்கொள்ளும். அறுவைச் சிகிச்சை வரை போன பிள்ளைகள் உண்டு. வெளிநாடுகளில் இதற்கு எச்சரிக்கை விட்டு, சில சரக்குகளைத் திரும்பப் பெற்றிருக்கிறார்கள். நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் விளையாட்டுப் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மிருகப் பொம்மைகளில் அந்த முத்திரை இருந்தது. மணிப் பொட்டலத்தில் முத்திரையும் இல்லை, தயாரித்தவர் பெயரும் இல்லை. பேரன் கண்ணில் படுமுன் எடுத்து, நனையாமல் கட்டி, குப்பையில் போட்டேன். வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் நீங்களும் அதையே செய்யுங்கள். யாராவது விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால் காத்திருக்காதீர்கள், நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். “அட்டையில் எச்சரிக்கை போட்டிருக்கிறோம் மேடம்” என்றாள். பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். ஆங்கிலத்தில், பட்டைக்கோட்டுக்குக் கீழே, ஓர் எறும்பு ஊர்ந்தால் மறைந்துவிடும் எழுத்தில் இருந்தது. அந்த எழுத்தைப் படிக்கிற வயதுப் பிள்ளைக்கு இந்தப் பெட்டியே தேவையில்லை என்றேன். மேலிடத்தில் சொல்வதாகச் சொன்னாள்.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் கொடுப்பேன், இரண்டும் அந்த விரிப்புக்கும் மாவுக்கும். விரிப்பைத் தனியாக 300 ரூபாய்க்கு விற்றால் அங்கன்வாடிக்கே ஒன்று வாங்கிக் கொடுப்பேன். அடுத்த மாதப் பெட்டிக்குப் பணம் கட்டட்டுமா என்று பெரியவன் கேட்டான். மணிகள் இல்லை என்று அவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டு கட்டு என்றிருக்கிறேன்.