லெதர் சீட்டுக்கு ப்ரூஃபைட் வாங்கலாமா? மூணு மழைக்காலம் பார்த்துட்டு எழுதுறேன்

மூணு வருஷமா ப்ரூக்ஸ் பி17 லெதர் சீட்டு போட்டுத்தான் சைக்கிள் ஓட்டுறேன். அதுக்குத் தடவுறதுக்கு அதே கம்பெனி விக்கிற ப்ரூஃபைட் மெழுகு இதுவரைக்கும் ரெண்டு டப்பா வாங்கியிருக்கேன், முதல் டப்பா ஏழே மாசத்துல காலி, ரெண்டாவது டப்பா வாங்கி ரெண்டு வருஷம் ஆகுது இன்னும் பாதிக்கு மேல அப்படியே இருக்கு. அந்த ரெண்டு டப்பாவுக்கும் நடுவுல என்ன கத்துக்கிட்டேன்னு எழுதுறதுதான் இது, ஏன்னா சென்னைல லெதர் சீட்டு வெச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

முதல்ல சீட்டப் பத்தி. இதுக்குள்ள ஸ்பான்ஜு, ஜெல்லு எதுவுமே கிடையாது. அஞ்சு மில்லிமீட்டர் கிட்ட கனமான ஒரே தோலு, முன்னாடி மூக்குலயும் பின்னாடி இரும்புத் தகட்டுலயும் ஆணி அடிச்சு இழுத்துக் கட்டியிருப்பாங்க, நடுவுல அந்தரத்துல நிக்கும். நம்ம வீட்டு கயித்துக் கட்டில் எப்படி ஆளோட எடைக்குத் தொய்ஞ்சு குடுக்குமோ அதே வேலைதான். இங்கிலாந்துல பர்மிங்காம் பக்கத்துல ஸ்மெத்விக்ல செய்யிறாங்க, 1866ல குதிரைக்குச் சேணம், வாரு மாதிரி தோல் சாமான் செஞ்சு ஆரம்பிச்சவங்க, 1882ல சைக்கிள் சீட்டுக்குப் பேட்டன்ட் எடுத்திருக்காங்க. நம்ம ஊர்ல ஆவாரம்பட்டை போட்டு தோல் பதம் பண்ணுவாங்கல்ல, அந்த மாதிரி தாவரச் சாறுல பதம் பண்ண தோல்தான் இதுவும். அதனாலதான் புதுசுல கட்டை மாதிரி இருக்கும், ஓட்ட ஓட்ட நம்ம உட்காருற எலும்பு ரெண்டும் பதியிற எடத்துல சின்னதா குழி விழுந்து நமக்குன்னே தச்ச மாதிரி ஆயிடும், எனக்கு அதுக்கு அறுநூறு கிலோமீட்டர் கிட்ட ஆச்சு. இன்னொருத்தரோட பழைய சீட்டுல உட்கார்ந்தா ஒட்டவே ஒட்டாது.

இப்ப ப்ரூஃபைட். மாட்டுக்கொழுப்பு, மீன் எண்ணெய், தாவர எண்ணெய், தேன்மெழுகு, பாராஃபின் மெழுகு, கொஞ்சம் சிட்ரொனெல்லா வாசனை எண்ணெய், இவ்ளோதான் உள்ள இருக்கிறது. கொழுப்பு விஷயம் சில பேருக்கு ஒத்துக்காது, வாங்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கட்டும்னு சொல்றேன். டிசம்பர்ல திறந்தா ஃப்ரிட்ஜ்ல வெச்ச வெண்ணெய் மாதிரி இருக்கும், மே மாசத்துல விரல் வெச்சதும் இளகிடும். துணில எடுக்காம விரல் நுனில ஒரு உளுந்து அளவு எடுத்து, வட்டமா தேய்ச்சா உடம்புச் சூட்டுக்கே உருகி தோலுக்குள்ள இறங்குறது கண்ணுக்குத் தெரியும், காஞ்சு போய் வெளுத்திருந்த எடம் மட்டும் டக்குனு கருத்துப் போகும். ராத்திரி அப்படியே விட்டுட்டு காலைல பழைய பனியன் துணியால அழுத்தித் துடைக்கணும், ஆணிய சுத்தி வெள்ளையா தங்கியிருக்கிறத விடாம எடுக்கணும். தோலு நெய் தடவுன மாதிரி இல்லாம, நல்லா புழங்குன மரக்கட்டில் கைப்பிடி மாதிரி ஒரு மினுமினுப்புல நின்னா அளவு சரி.

முதல் டப்பா ஏன் சீக்கிரம் காலியாச்சுன்னா, ஒரு சைக்கிள் கடைல, பேர் வேணாம், ஃபுல் சர்வீஸ்க்கு விட்டிருந்தேன். சீட்ட கழட்டாமலே பிரஷர் தண்ணி அடிச்சிட்டு, சீக்கிரம் காயட்டும்னு மொட்டை வெயில்ல நிறுத்திட்டாங்க. சாயங்காலம் போய் பார்த்தா தோலு அப்பளம் மாதிரி ஓரமெல்லாம் மேல தூக்கிட்டு நிக்குது, அழுத்தினா கணகணன்னு சத்தம். எனக்கு நிஜமாவே வயிறு எரிஞ்சிருச்சு, அந்த சீட்டு விலைக்கு நம்ம ஊர்ல ஒரு ஸ்டாண்டர்ட் சைக்கிளே புதுசா வாங்கிடலாம். பதறிப்போய் ப்ரூஃபைட்ட வாரத்துக்கு ரெண்டு வாட்டி, மேலயும் அடியிலயும் அள்ளி அள்ளித் தடவினேன், தோலு குடிக்குதேன்னு குடுத்துட்டே இருந்தேன்.

அப்புறம் நவம்பர் வந்துச்சு. பத்து நாள் விடாத மழை, மாடிப்படிக்குக் கீழ சைக்கிள், சீட்டு மேல இறுக்கமா ஒரு பிளாஸ்டிக் கவர். கவர எடுத்தா பச்சையும் வெள்ளையுமா பூசணம், தொட்டா பிசுபிசுன்னு ஒட்டுது, நடுவுல விரல் வெச்சா உள்ள போகுது. பஸ் ஸ்டாண்டு ஓரத்துல செருப்பு தைக்கிற அண்ணன் ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட கழட்டி எடுத்துட்டுப் போனேன். மேல பார்க்கவே இல்ல, நேரா கவுத்துப் போட்டு அடித்தோல நகத்தால லேசா சுரண்டினார், நகத்துல மெழுகு மாவு மாதிரி வந்துச்சு. "தம்பி, இதுக்கு மேல ஒண்ணும் தடவாத, காத்து குடு"ன்னார். காஞ்ச துணி குடுத்து அடியெல்லாம் துடைக்கச் சொல்லி, நிழல்ல தொங்க விடு, வெயில்ல வெச்சுடாதன்னு அனுப்பிட்டார், காசு குடுத்ததுக்கு வாங்கவே இல்ல. வீட்டு ஹால்ல ஃபேனுக்கு நேரா மூணு நாள் தொங்கவிட்டேன், இறுக்கம் திரும்ப வந்துச்சு, ஆனா நடுவுல கொஞ்சம் தொய்வு தங்கிடுச்சு, அது இன்னைக்கும் இருக்கு.

அதனால என் கணக்கு என்னன்னா, ப்ரூஃபைட் அருமையான பொருள், ஆனா கடலோர ஊர்ல இருக்கிறவங்களுக்கு அது வருஷத்துக்கு ரெண்டு தடவை போதும். நான் மழைக்கு முன்னாடி செப்டம்பர்ல ஒண்ணு, மழை முடிஞ்சு ஜனவரில ஒண்ணு தடவுறேன். புது சீட்டுன்னா மட்டும் முதல் சவாரிக்கு முன்னாடி ஒரு தடவை சேர்த்து. மதுரை, திருச்சி பக்கம் காஞ்ச காத்துல ஓட்டுறவங்களுக்கு இன்னும் ஒரு தடவை தேவைப்படலாம், தோலு வெளுத்து வரிவரியா தெரியுதான்னு பார்த்து முடிவு பண்ணுங்க, காலண்டர பார்த்து தடவாதீங்க.

தேங்காண்ணெய், விளக்கெண்ணெய் தடவச் சொல்றவங்க நிறைய பேர். தயவுசெஞ்சு வேணாம். செருப்புக்கு அது சரி, செருப்பு வளைஞ்சு குடுக்கணும். இந்த சீட்டு நம்ம மொத்த எடையையும் இழுவையிலயே தாங்குது, எண்ணெய் ஊறி இளகிப்போச்சுன்னா தொட்டில் மாதிரி தொங்கிடும், திரும்பி வரவே வராது. ஷூ பாலிஷும் வேணாம், ஓட்டும்போது தேய்ஞ்சு கலரெல்லாம் பேன்ட்டுல வந்துரும்.

மூக்குக்கு அடில ஒரு போல்ட்டு இருக்கும், தோல இறுக்குறதுக்கு, அதுக்குன்னு தனி ஸ்பேனரும் விக்கிறாங்க. கயித்துக் கட்டில்னா வருஷா வருஷம் இழுத்துக் கட்டலாம், கயிறு போனா வேற கயிறு, இங்க அளவுக்கு மேல இழுத்தா ஆணி ஓட்டையில இருந்து தோலு கிழியும். கண்ணுக்குத் தெரியிற மாதிரி தொய்வு வந்தா மட்டும் போல்ட்ட கால் சுத்து திருப்பணும், அப்புறம் நூறு இருநூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துட்டுத்தான் அடுத்தது. நான் மூணு வருஷத்துல மொத்தமே ரெண்டு கால் சுத்துதான் திருப்பியிருக்கேன், ரெண்டும் அந்த நவம்பருக்கு அப்புறம்.

மழைல நனைஞ்சுட்டா அதுக்கு மேல உட்கார்ந்து ஓட்டுறதுதான் பெரிய கேடு, ஈரத் தோலு எடைக்கு நீண்டுக்கிட்டே போகும். மேல விழுற மழைய விட பின் சக்கரத்துல இருந்து அடில அடிக்கிற சேத்துத் தண்ணி மோசம், அடித்தோலுக்கு மேல்தோல் மாதிரி மெருகு கிடையாது, அப்படியே உறிஞ்சிடும். மட்கார்டு இல்லாத சைக்கிள்னா ஒரு மட்கார்டு வாங்கி மாட்டுங்க, எந்த மெழுகும் அதுக்கு ஈடாகாது. ஈசிஆர்ல மாமல்லபுரம் போய்ட்டு வர்ற ஞாயித்துக்கிழமைகள்ல நான் வீட்டுக்கு வந்ததும் முதல்ல ஈரத்துணிய நல்லா பிழிஞ்சு சீட்டு மேல வேர்வை உப்ப ஒரு இழுப்பு இழுத்துட்டு, காஞ்ச துணியால ஒரு தடவை, அப்புறம்தான் ஷூவ கழட்டுறேன்.

கவர் வாங்குறவங்க எலாஸ்டிக் வெச்ச மெல்லிசு கவரா வாங்கி பைல மடிச்சு வெச்சுக்கோங்க, டீக்கடைல நிக்கிற நேரத்துக்கு மட்டும் மாட்டுங்க. வீட்டுக்கு வந்ததும் கழட்டிடணும், ராத்திரி முழுக்க மூடி வைக்கவே கூடாது.