கதையை நாமே நடத்தும் கணினி விளையாட்டுகள்: சில வருட அனுபவம்

ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் அதற்குள் பாத்திரங்களாக உலவும் கணினி விளையாட்டுகள் மிகக் குறைவு. அவற்றில் இரண்டை நாங்கள் சில வருடங்களாக விடாமல் ஆடிவருகிறோம்: நெவர்விண்டர் நைட்ஸ், டிவினிட்டி ஒரிஜினல் சின் 2. பாளையங்கோட்டையிலிருந்து நான் நடத்துகிறேன். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் சித்தி மகள், மேலப்பாளையத்து நண்பர், தென்காசியில் வேலை பார்க்கும் மைத்துனர், உடன்குடி அண்ணாச்சி ஒருவர் ஆகியோர் ஆடுகிறார்கள். வாங்கலாமா, எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படம் எவ்வளவு அழகு என்பதை இந்த வகை விளையாட்டில் முதலில் பார்க்கவே கூடாது. ஆடுகிறவர் எதிர்பாராத ஒன்றைச் செய்யும்போது நடத்துபவர் எவ்வளவு விரைவாகப் பதில் சொல்ல முடிகிறது என்பதே அளவுகோல். கொடை விழாவில் வில்லுப்பாட்டுக்காரர் சாமியாடியின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சாமியை வரவழைக்கும் வரத்துப்பாட்டின் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். அந்தச் சுதந்திரத்தை நடத்துபவருக்கு எந்த மென்பொருள் தருகிறதோ அதுவே நல்ல மென்பொருள்.

இந்த அளவுகோலில் 2002-இல் பயோவேர் நிறுவனம் வெளியிட்ட நெவர்விண்டர் நைட்ஸ் இன்றும் முன்னால் நிற்கிறது. மேசையில் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டான டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்றாம் பதிப்பு விதிகளில் இயங்கும் விளையாட்டு இது. ஆரோரா டூல்செட் என்ற கருவியில் ஊரையும் காட்டையும் குகையையும் நாமே கட்டலாம். ஓடு பதிப்பதுபோல் சதுரம் சதுரமாக நிலத்தைப் பரப்பி, மேலே வீடு, மரம், மனிதர் என்று வைத்துக்கொண்டே போகலாம். சிக்கலான நிகழ்ச்சிகளுக்கு சி மொழியை ஒத்த ஒரு நிரல்மொழி உண்டு. அது தெரியாமலேயே நெடுந்தூரம் போய்விடலாம். ஆட்டம் நடக்கும்போது நடத்துபவருக்கென்று தனியாக டிஎம் (டன்ஜியன் மாஸ்டர், அதாவது நடத்துபவர்) கிளையண்ட் என்ற நிரல் இருக்கிறது. அதில் நாம் யார் கண்ணுக்கும் தெரியாமல் உலவலாம், நினைத்த இடத்தில் ஓநாய்க் கூட்டத்தை இறக்கலாம், எந்தப் பாத்திரத்துக்குள்ளும் புகுந்து அதன் வாயால் பேசலாம்.

கடைசியாகச் சொன்னதுதான் இந்த விளையாட்டின் உயிர். பாபநாசத்துக்கு மேலே காரையாறு போன்ற ஒரு மலைப்பகுதியைக் கட்டியிருந்தேன். ஆற்றைக் கடந்தால் பாழடைந்த கோவில், அதன் அடியில் நிலவறை, அங்கே சண்டை. எல்லாம் தயார். கரையில் ஒரு பரிசல்காரரை வெறும் அலங்காரத்துக்காக நிறுத்திவைத்திருந்தேன். சித்தி மகள் அவரிடம் போய் நின்றுகொண்டு, "அண்ணே, இவர் எந்த ஊர்க்காரர்? இந்தத் துறையில் எத்தனை காலமாக இருக்கிறார்?" என்று என்னிடம் கேட்டாள். உடனே அவருக்குள் புகுந்து பேசத் தொடங்கினேன். அவருடைய ஊர் வெள்ளத்தில் போனது, அண்ணன் காணாமல்போனது, கோவிலுக்கு யாரையும் கொண்டுபோய் விடுவதில்லை என்று அவர் சத்தியம் செய்திருப்பது எல்லாம் அந்த இடத்திலேயே பிறந்தன. அன்று யாரும் ஆற்றைக் கடக்கவில்லை. நால்வரும் அவருடைய அண்ணனைத் தேடிப் புறப்பட்டார்கள். கைவசம் வைத்திருந்த ஒரு வெற்றுக் காட்டுக்குள் அவர்களை அனுப்பிவிட்டு, அவர்கள் நடந்துகொண்டிருக்கும்போதே கூடாரமும் அணைந்த அடுப்பும் வைத்தேன். அந்தப் பரிசல்காரர் இன்றுவரை எங்கள் கதையில் இருக்கிறார். புதிதாக நடத்துபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பெயரில்லாத ஒரு காடு, ஒரு குகை, ஒரு சத்திரம் எப்போதும் தயாராக இருக்கட்டும். ஆட்டத்தின் நடுவில் ஆட்களையும் பொருட்களையும் சேர்க்கலாம். புதிய நிலத்தை உருவாக்க முடியாது.

நம் ஊரை அப்படியே கட்ட முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். ஓரளவு முடியும். கிராமப்புற ஓடுகளை வைத்து வயலும் வாய்க்காலும் சேரன்மகாதேவிப் பக்கத்தை நினைவூட்டும்படி அமைத்தேன். 2003-இல் வந்த முதல் விரிவாக்கத்தில் பாலைவன ஓடுகள் இருக்கின்றன. அதை உடன்குடியின் செம்மணல் தேரிக்காடாக மாற்றியபோது அண்ணாச்சிக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது. பனைமரமும் கோபுரமும் அடிப்படைத் தொகுப்பில் கிடையாது. அவற்றை வார்த்தைகளால் சொல்லிவிடுவேன், கேட்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

தமிழ் எழுத்து இந்த விளையாட்டில் தெரியாது. ஆகவே பேச்சு முழுவதும் டிஸ்கார்ட் என்ற குரல் உரையாடல் செயலியில், எங்கள் வீட்டுத் தமிழில். இது குறையாகத் தொடங்கி எங்களுக்குப் பெரிய பலமாகிவிட்டது. தட்டச்சு செய்து ஆடுவதைவிடக் குரலில் ஆடும்போது பாத்திரங்களுக்கு வயதும் கோபமும் வந்துவிடுகின்றன.

டிவினிட்டி ஒரிஜினல் சின் 2 வேறு வகை. லேரியன் நிறுவனம் 2017-இல் வெளியிட்டது. இதில் கேம் மாஸ்டர் என்று தனி முறை இருக்கிறது. ஒருவர் நடத்த நான்கு பேர்வரை ஆடலாம். பார்வைக்கு மிக அழகானது. உலக வரைபடத்தில் இடங்களைக் குறித்துவைத்து, ஆயத்தமான காட்சிகளில் பொருட்களையும் பகைவர்களையும் அடுக்கிவிடலாம். பகடை உருட்டச் சொல்லும் வசதி உள்ளேயே இருக்கிறது. படமும் வாசகமும் தெரிவுகளும் கொண்ட விக்னெட் என்ற பலகைகளை நடுநடுவே காட்டலாம். அதில் நம் சொந்தப் படத்தைச் சேர்க்க முடியும் என்பதால், தமிழில் எழுதிய ஓலையையோ கல்வெட்டையோ படமாக்கி உள்ளே வைத்துவிடுகிறேன். ஆடுகிறவர்கள் திரையில் தமிழைப் படிக்கும் அந்தக் கணத்துக்காகவே இதை வைத்திருக்கலாம்.

ஆனால் சண்டை ஒருவர் மாற்றி ஒருவராக முறைவைத்து நடக்கும். ஒரு மோதலே இரவின் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. குழு திடீரென்று வேறு திசையில் போக விரும்பினால் வேறொரு காட்சியை ஏற்ற வேண்டும். ஏற்றி முடிவதற்குள் பேச்சின் சூடு குறைந்துவிடுகிறது. முன்பே திட்டமிட்டு, ஓரிரு இரவில் முடியும் சிறுகதைகளுக்கு இது சிறந்தது. மாதக்கணக்கில் நீளும் கதைக்கு நான் இதை எடுப்பதில்லை.

இணைய விஷயத்தையும் சொல்ல வேண்டும். நெவர்விண்டர் நைட்ஸை வீட்டிலிருந்து நடத்த, பழைய பதிப்பில் ரவுட்டரில் 5121 என்ற யுடிபி போர்ட்டை, அதாவது வெளியாட்கள் இணையும் வாயிலை, திறக்க வேண்டியிருந்தது. எங்கள் தெருவுக்கு இணைப்புத் தரும் நிறுவனம் பலருக்கும் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து தருவதால் அது பலிக்கவில்லை. வெவ்வேறு ஊர்க் கணினிகளை ஒரே வீட்டில் இருப்பவைபோல் இணைக்கும் மெய்நிகர் உள்வலை மென்பொருள் ஒன்றை எல்லோரும் நிறுவித்தான் ஆடினோம். ஐப்பசி மழையில் மின்சாரம் போனால் நடத்துபவரின் கணினியோடு உலகமே அணைந்துவிடும். ஆகவே ஒரு யுபிஎஸ் அவசியம். பாத்திரங்கள் நடத்துபவரின் கணினியிலேயே சேமிக்கப்படும்படி அமைத்திருந்தால், அந்தக் கோப்புறைக்கு வாராவாரம் நகல் எடுத்துவிடுங்கள்.

இந்த வகைக்கு நீண்ட வாரிசு வரிசை இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 2000-இல் வந்த வேம்பயர் த மாஸ்கரேட் ரிடெம்ப்ஷன் கதைசொல்லி முறையோடு வழியைத் திறந்தது. 2015-இல் வந்த சோர்டு கோஸ்ட் லெஜண்ட்ஸ் பெரிய நம்பிக்கையைக் கிளப்பியது. ஆனால் இத்தனை புள்ளிக்கு இவ்வளவுதான் இறக்கலாம் என்று நடத்துபவரின் கையைப் புள்ளிக் கணக்கால் கட்டிப்போட்டது, சில வருடங்களில் விற்பனையிலிருந்தும் போய்விட்டது. 2023-இல் லேரியனே செய்த பால்டர்ஸ் கேட் 3-இல் நடத்துபவருக்கு இடமே இல்லை. இவ்வளவு அழகான உலகத்தைக் கட்டிவிட்டு, அதன் சாவியை ஆடுகிறவர்கள் கையில் கொடுக்காமல் விட்டார்களே என்ற ஆதங்கம் எனக்குத் தீரவில்லை.

இன்று தொடங்குகிறவர்கள் பீம்டாக் நிறுவனம் வெளியிட்ட நெவர்விண்டர் நைட்ஸின் மேம்பட்ட பதிப்பை எடுங்கள். பழைய மடிக்கணினியிலும் ஓடும். டூல்செட் விண்டோஸில் மட்டுமே இயங்கும் என்பதால், கதையைக் கட்டுகிறவரிடம் விண்டோஸ் இருந்தால் போதும். மற்றவர்கள் மேக்கிலோ லினக்ஸிலோ சேர்ந்துகொள்ளலாம். முதல் கதைக்கு ஒரு கிராமம், ஒரு ஆறு, பேசுவதற்கு மூன்று மனிதர்கள் போதும்.